ஆறாம் நாள் ஒன்றும் செய்யக்கூடாது

2007 நவம்பர் 10, சனிக்கிழமை. காலை 10.40. ரொம்சோஸ்.

கரீபியன் கடலில் உள்ள நீவிஸ் என்ற சின்னத் தீவுக்கு நாங்கள் போய்வந்ததைப் பற்றிக் கோயிலில் காண்கிற எல்லாரும் கேட்கிறார்கள். அங்கே என்ன இருக்கிறது, எவ்வளவு காசு முடிந்தது, எங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஆளுக்கொரு கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

ஒஸ்லோவிலிருந்து அந்தத் தீவு ஏழாயிரத்து நானூறு கிலோமீட்டர். ஆனால் எங்கள் பயணம் விமான நிலையத்தில் தொடங்கவில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸில், எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழே, கண்ணாடியில் உறைபனி சுரண்டிய காருக்குள், என் மனைவி வதனி ஒரு நீல நிறப் பைலை மடியில் வைத்துக்கொண்டு "போவம்" என்று சொன்ன அந்த 10.40க்குத் தொடங்கியது. பதினைந்து வருடமாக இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன் நான். நேரத்தைக் குறிக்காமல் எனக்கு ஒன்றையும் சொல்லத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பைல் எங்கள் ஒரே மகன் மயூரனுடையது. ஒன்பதாம் வகுப்பில் செய்த பாடசாலை வேலை. ஐம்பதினாயிரம் குரோனருக்குள் இரண்டு பேருக்கு ஓர் ஆடம்பர விடுமுறையைத் திட்டமிட வேண்டும், உலகத்தில் எங்கேயும் இருக்கலாம், தூரமும் நேரமும் விலையும் பிழைக்கக்கூடாது என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் நியூயோர்க் என்றும் தாய்லாந்து என்றும் எழுத, இவன் தொண்ணூற்று மூன்று சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்திருக்கிறான். போகப்போகும் இரண்டு பேர் நானும் வதனியும். காரணத்தை முதல் பக்கத்திலேயே நோர்வேஜியனில் எழுதியிருந்தான். "என் அம்மாவும் அப்பாவும் இதுவரை விடுமுறைக்குப் போனதில்லை. லண்டனுக்கும் பாரிசுக்கும் போயிருக்கிறார்கள், ஆனால் அது மற்றவர்களின் கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும். அங்கேயும் அம்மா குசினியில் சமைத்துக்கொண்டுதான் நின்றார்."

பதினான்கு பக்கம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் வைத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தான். ஆறாம் நாள் பக்கத்தில் படமும் இல்லை, விலையும் இல்லை. "இன்றைக்கு அம்மாவும் அப்பாவும் ஒன்றும் செய்யக்கூடாது. இதுதான் முக்கியமான நாள்" என்ற இரண்டு வரிதான்.

மயூரன் 2006 பெப்ரவரி 27, திங்கட்கிழமை காலை, மின்வேலை பழகப் போகும் வழியில் இறந்தான். கூட வேலை செய்யும் பெடியன் இவனை ஏற்றிக்கொண்டு ஓட்டிய வான் பனியில் சறுக்கிவிட்டது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது முடியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. பைல் கிடைத்தது ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, அவன் அறையில் புத்தகத் தட்டைத் தூசி தட்ட இழுத்தபோது. வதனி அதை இரண்டு நாள் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் வைத்து, "இஞ்சாருங்கோ, நாங்கள் இதுக்குப் போகவேணும்" என்றாள். அந்த ஒன்றரை வருடத்தில் அவள் வேண்டுமென்று கேட்ட முதல் பொருள் அதுதான்.

காலை 11.15. ஸ்ட்ரோம்மன்.

ரொம்சோஸிலிருந்து ஸ்ட்ரோம்மன் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. அங்கேயுள்ள பெரிய கடைத்தொகுதிக்குச் சனிக்கிழமைகளில் பாதி நகரம் வந்துவிடும். கார் நிறுத்த இடம் பிடிக்கவே பதினெட்டு நிமிடம் போனது. பயண முகவர் கடையில் இங்கிரிட் என்று சட்டையில் பெயர் குத்திய இளம் பெண் இருந்தாள். நாங்கள் கொழும்புக்கோ சென்னைக்கோ ரிக்கெற் கேட்கப்போகிறோம் என்று நினைத்து, நாங்கள் வாய் திறக்கும் முன்பே அந்தப் பக்கத்தைக் கணினியில் திறந்துவிட்டாள். "நீவிஸ்" என்றேன். எழுத்துக் கூட்டச் சொன்னாள்.

வதனி பைலை மேசையில் விரித்தாள். இங்கிரிட் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஹொட்டேல் முன்பு கரும்புத் தோட்டக்காரனின் மாளிகையாக இருந்தது, பதினொரு குடில்கள், கடலுக்கு நூற்றிருபது அடி என்று மயூரன் எழுதியிருந்தவற்றைத் தன் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "எல்லாம் சரியாக இருக்கிறது. விலை மட்டும் கூடிவிட்டது" என்றாள். அவன் 49,760 என்று முடித்திருந்தான். இப்போது 61,400. எங்கள் பழக்கதோஷம், "குறைக்க ஏலாதோ" என்று நான் கேட்டேன். நோர்வேயில் விலை குறைக்கக் கேட்பது பஸ் சாரதியிடம் "குறுக்குவழியால் விடு" என்று கேட்பதைப் போன்றது. அவள் சிரித்துவிட்டு விசைப்பலகைக்குத் திரும்பினாள்.

"பெரியவர்கள் இரண்டு. பிள்ளைகள் எத்தனை?"

அவளுடைய வேலையில் அது ஒரு கட்டம். நிரப்பாமல் அடுத்ததற்குப் போக முடியாது. வதனி பைலைத் தன் பக்கம் திருப்பி, மூன்றாம் பக்கத்தை எடுத்து, விரலால் காட்டினாள். அங்கே மயூரனின் கையெழுத்தில் இருந்தது: பெரியவர்கள் 2, பிள்ளைகள் 0.

"இதை யார் செய்தது?"

"எங்கட மகன்" என்றாள் வதனி.

"எவ்வளவு கெட்டிக்காரன். அவன் வரவில்லையா?"

"இல்லை. அவன் வீட்டிலே நிற்கிறான்."

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவளின் முகம் இல்லை. அந்நியப் பெண்ணிடம் ஏன் கதையை அவிழ்க்க வேண்டும் என்று அப்படிச் சொல்லியிருப்பாள் என நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் இங்கிரிட் கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இதைப் பாருங்கள்" என்று என் பக்கம் நீட்டினாள். அந்தப் பக்கத்தை நான் அதுவரை கவனிக்கவில்லை. வாத்தியார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "நல்ல திட்டம். ஆனால் இதில் நீ எங்கே?" கீழே பென்சிலால் மயூரனின் பதில்: "வீட்டில். யாராவது கறிவேப்பிலை மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே."

எங்கள் வீட்டு வரவேற்பறை யன்னலோரம் ஒரு கறிவேப்பிலை மரம் சாடியில் நிற்கிறது. லண்டனிலிருந்து கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த இரண்டிலைக் கன்று, இப்போது என் தோள் உயரம். நோர்வேக் குளிரில் அதை உயிரோடு வைத்திருப்பது கைக்குழந்தையைப் பார்ப்பது மாதிரி. பத்து வயதிலிருந்து அது மயூரனின் வேலை. பின்னேரம் ஏழு மணிக்குப் பிடி உடைந்த ஒரு பச்சைக் கோப்பையில் தண்ணீர் ஊற்றுவான். அவன் போன பிறகு வதனி ஊற்றுகிறாள், அதே ஏழு மணிக்கு, அதே கோப்பையால். நான் அறைக்குள் வந்தால் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நிற்பதுபோல நிற்பாள்.

திகதி தெரிவு செய்வது என் பொறுப்பு. மகனுடைய திவசம் முடிந்த பிறகுதான் போக வேண்டும் என்பதில் இருவருக்கும் பேச்சில்லை. முதல் வருடத் திவசம் 2007 பெப்ரவரி 17இல் வந்தது, அதாவது இறந்த திகதிக்குப் பத்து நாள் முந்தி. அடுத்த வருடமும் பத்து நாள் முந்தும், பெப்ரவரி 7 அளவில் வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். நேர அட்டவணை எல்லாம் கரைத்துக் குடித்தவன் என்ற திமிர். மார்ச் 1இல் புறப்பட்டு 10இல் திரும்புவதாகப் பதிந்து பணத்தையும் கட்டினேன்.

2008 ஜனவரி 13, ஞாயிறு. பிற்பகல் 2.05. ஹொல்ம்லியா.

என் அக்கா ராணி ஹொல்ம்லியாவில் இருக்கிறா. நகர மையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் பதின்மூன்று நிமிடம். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அரிசியும் வெல்லமும் கொடுக்கப் போன சாட்டில் பயணத்தைச் சொன்னோம். அக்காவிடம் ஒளித்துவிட்டு எங்கேயும் போக முடியாது. சொன்னாலும் போக முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

"உல்லாசப் பயணமோ?" என்றா அக்கா. அந்தச் சொல்லை இரண்டாகப் பிளந்து வைத்தா. "பிள்ளை போய் ரெண்டு வருசம் முடியேல்லை. சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனியோ?"

"அவன்தான் போகச் சொன்னவன், மச்சாள்" என்றாள் வதனி.

அக்கா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா கோபத்தோடு எழும்பிப்போய், யாழ்ப்பாணத்திலிருந்து வருடாவருடம் எடுப்பிக்கும் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டா. திட்டுவதற்கு முன்பு ஆதாரம் எடுப்பது அவவின் வழக்கம்.

"திவசம் எப்ப எண்டு நினைச்சுக்கொண்டு ரிக்கெற் எடுத்தனி?"

"பெப்ரவரி ஏழு அளவிலை."

"தம்பி, நீ பஸ்ஸை ஓட்டு. சந்திரனை ஓட்டாதை." விரலால் ஒரு வரியைத் தட்டினா. "மயூ போனது மாசி அமாவாசை. பெப்ரவரி ஏழிலை வாறது தை அமாவாசை. மாசி அமாவாசை மார்ச் ஏழு, வெள்ளிக்கிழமை. நீங்கள் அண்டைக்கு எங்கை நிப்பியள்?"

தீவில் நிற்போம். ஆறாம் நாள். ஒரு பிள்ளையின் திவசத்தன்று கடற்கரையில் சாய்நாற்காலி போட்டுப் படுத்திருக்க ரிக்கெற் எடுத்த தகப்பன் நான். பணம் திரும்பக் கிடைக்காது என்பது கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. "விடுவம் வதனி, அடுத்த வருசம் பாப்பம்" என்றேன்.

வதனி பதறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஆறாம் நாள் நாங்கள் ஒண்டும் செய்யக்கூடாது எண்டு எழுதியிருக்கிறான். விடியவே திவசத்தைச் செய்துபோட்டு, மிச்ச நேரம் ஒண்டும் செய்யாமல் இருப்பம்" என்றாள்.

"அங்கை ஐயர் இருக்கிறாரோ? காகம் இருக்கோ? ஆருக்குச் சோறு வைப்பாய்?" என்றா அக்கா.

வதனி ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினாள். விலங்குகள்: குரங்கு நிறைய, மனிதரை விடக் கூட என்று சொல்வார்கள். பெலிகன் உண்டு. காகம் பற்றி ஒன்றும் இல்லை. உண்மையில் ஒஸ்லோவிலும் எங்களுக்குக் காகப் பிரச்சினைதான். இங்கேயுள்ள காகம் பாதி சாம்பல் நிறம், அதில் வதனிக்கு முழு நம்பிக்கை வந்ததில்லை. முதல் வருடம் பல்கனியில் படைத்துவைத்த சோற்றை இரண்டு மணி நேரம் ஒன்றும் தீண்டவில்லை. அடுத்த வாரம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து, பல்கனியில் பறவைகளுக்கு உணவு வைத்தால் எலி வரும், தயவுசெய்து நிறுத்தவும் என்று கடிதம் மட்டும் வந்தது.

கோயில் ஐயரிடம் தொலைபேசியில் கேட்டேன். கடல் உள்ள இடத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்தால் போதும், மனம்தான் முக்கியம் என்றார். அக்காவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் புறப்படும் வாரம் ஒரு சின்னப் பொட்டலத்தில் எள்ளு கட்டி அனுப்பியிருந்தா.

2008 மார்ச் 1, சனிக்கிழமை. பிற்பகல் 1.15. ரொம்சோஸ்.

வெளியே மைனஸ் நான்கு. இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஸ்ட்ரோம்மனில் வாங்கிய கோடை உடுப்புகள், மற்றதில் பச்சையரிசி, எள்ளு, பருப்பு, மிளகாய்த்தூள், கால் கிலோ ப்ரூனூஸ்ட். அது நோர்வேக்காரரின் மண்ணிறச் சீஸ், கொஞ்சம் இனிக்கும். மயூரன் அதைப் பாணோடு மட்டுமல்ல, புட்டோடும் சாப்பிடுவான். அது இல்லாமல் வதனி படையல் வைக்கமாட்டாள்.

கதவைப் பூட்டிய பிறகு திரும்பவும் திறந்து உள்ளே போனாள். யன்னலோரம் கறிவேப்பிலையின் கிளையொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சைக் கோப்பை சாடிக்குப் பக்கத்தில் கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. "போவம்" என்று வந்தாள்.

மூன்றாம் மாடியில் இருக்கும் கமலாக்கா படியில் எதிர்ப்பட்டா. வெளிக்கிட்டுப் போகிறவரை "எங்கே" என்று கேட்கக்கூடாது, சகுனப்பிழை என்பது எங்கள் ஊர் வழக்கம்.

"என்ன, தூரவோ?" என்று கேட்டா.

"ஓம், கொஞ்சம் தூரம்தான்" என்றேன்.

ரொம்சோஸ் நிலையம் மலையைக் குடைந்து கட்டியது. வெளியே எந்தக் காலநிலை என்றாலும் உள்ளே ஒரே குளிர். சுரங்க ரயிலில் நகர மையத்துக்கு இருபது நிமிடம், அங்கிருந்து விமான நிலைய ரயிலில் ஆளுக்கு 160 குரோனர். ரயில் புறப்பட்ட பிறகு எனக்கு ஒன்று நினைவு வந்தது.

"கறிவேப்பிலைக்கு ஆரிட்டைச் சொன்னனீர்?"

"அதுக்கு ஆள் இருக்கு" என்றாள், யன்னலைப் பார்த்தபடி.

கமலாக்காவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்து ஊற்றச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு. மாலை 6.30. நீவிஸ்.

லண்டனில் ஓர் இரவு. அங்கிருந்து அன்டிகுவாவுக்கு எட்டு மணி நாற்பது நிமிடம். பிறகு பத்தொன்பது பேர் ஏறக்கூடிய சின்ன விமானத்தில் இருபத்தைந்து நிமிடம். விமானக் கதவு திறந்ததும் இருபத்தேழு பாகை வெப்பக் காற்று முகத்தில் அடித்தது. தீவின் நடுவில் ஒரே ஒரு மலை, உச்சியில் முகில். மயூரன் பைலின் அட்டையில் நிறப்பென்சிலால் கீறியிருந்தது அதே மலை, அதே முகில்.

வாடகைக் கார் சாரதி வின்ஸ்டன் என் வயதுக்காரர். ஹொட்டேலுக்கு இருபது அமெரிக்க டொலர். வாகனம் ஊரில் போல இடது பக்கத்தால் போனது. என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. நானும் சாரதி என்றதும் அவருக்குச் சந்தோஷம். தீவைச் சுற்றி ஒரே வீதிதான், வழி தவறவே முடியாது என்றார்.

"பிள்ளைகளைக் கூட்டி வரவில்லையா?"

"மகன் வீட்டிலே நிற்கிறான்" என்றாள் வதனி ஆங்கிலத்தில். "மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற."

"நல்ல பிள்ளை" என்றார் வின்ஸ்டன்.

இருட்டில் கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றுக்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் ஐந்து நாளும் மகன் எழுதியபடி நடந்தோம். இரண்டாம் நாள் கடலில் இறங்க வேண்டும். வதனி நீச்சலுடை வாங்க மறுத்துச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். மூன்றாம் நாள் சார்ல்ஸ்டவுன் சந்தை. நான்காம் நாள் வெந்நீர் ஊற்று. ஐந்தாம் நாள் மாலை வெள்ளை மேசைவிரிப்புப் போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, கடல் இறால், இரண்டு பேருக்கு நூற்றுப்பத்து டொலர். பரிமாறியவர் மூன்றாவது நாற்காலியை எடுக்க வந்தபோது, "இருக்கட்டும்" என்றாள் வதனி. எடுக்காமல் போய்விட்டார்.

மார்ச் 7, வெள்ளி. காலை 5.50. ஆறாம் நாள்.

ஹொட்டேல் சமையல்காரி ஐவி அம்மாவிடம் சமைக்க இடம் தரச் சொல்லி முதல் நாளே கேட்டிருந்தோம். எதற்கு என்று நான் சொன்னேன். அவ ஒன்றும் கேட்காமல் ஓர் அடுப்பை விட்டுக்கொடுத்தா. விடிய நாங்கள் போகும்போது தோட்டத்தில் ஒரு வாழையிலையை வெட்டிக் கொண்டுவந்து கழுவி வைத்தா. ஒஸ்லோவில் உறைந்த வாழையிலைக்கு முப்பது குரோனர் கொடுப்போம், விரித்தால் கிழியும். இது பச்சைப் பசேலென்று மேசை நீளத்துக்குக் கிடந்தது.

வதனி சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல் வைத்தாள். ஓரத்தில் ப்ரூனூஸ்ட் இரண்டு துண்டு. நான் முழங்காலளவு கடலில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். தகப்பனுக்கு மகன் செய்ய வேண்டியதை மகனுக்குத் தகப்பன் செய்கிறேன். மந்திரம் தெரியாது. மயூரன், மயூரன் என்று மூன்று முறை சொன்னேன். அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன்.

இலையைக் குடிலுக்குப் பின்னால் ஒரு கல்லில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஏழு நிமிடத்தில் ஒரு குரங்கு வந்தது. சோற்றைப் பார்க்கவே இல்லை. நேரே சீஸை எடுத்து, மணந்து, ஒரு கடி கடித்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மற்றத் துண்டையும் எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. "வதனி, பாத்தீரோ?" என்றேன்.

"குரங்குதானே, இஞ்சாருங்கோ" என்றாள் அமைதியாக. "சாப்பிடட்டும். அவன் ஏன் இஞ்சை வாறான்?"

பிறகு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நாற்காலியை நிழலில் போட்டு உட்கார்ந்தோம். ஒன்றும் செய்யாமல் இருப்பது லேசான வேலை இல்லை. காலையில் முதியோர் இல்லக் குசினியிலும் பின்னேரம் அலுவலகத் துப்புரவிலுமாகப் பதினெட்டு வருடம் வேலை செய்தவள் வதனி. அவளுடைய விரல்கள் மடியில் வெங்காயம் உரிப்பதைப்போல அசைந்துகொண்டே இருந்தன. பிற்பகல் மூன்றரை அளவில் அவை நின்றன. நித்திரையாகிவிட்டாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. மகனே, நீ சொன்னபடி அம்மாவை ஒருநாள் சும்மா இருக்க வைத்துவிட்டேன் என்று மனதுக்குள் சொன்னேன். வெயில் சாயும்வரை அவளுடைய முகத்தில் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, திங்கட்கிழமை. பிற்பகல் 3.25. ரொம்சோஸ்.

தீவைப் பிரிவது எனக்குக் கடினமாக இருக்கவில்லை, வதனிக்கோ வீட்டுக்கு வரும் அவசரம். லண்டனில் விமானம் ஒரு மணி நேரம் பிந்தியதற்கு நாலு தரம் நேரம் கேட்டாள். வீட்டுப் படியில் என்னை விட்டுவிட்டு முன்னால் ஏறினாள். நான் பெட்டிகளோடு மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி நிற்கக் கமலாக்கா கதவைத் திறந்தா.

"வந்திட்டியளோ? நல்லாக் கறுத்துப்போனியள்."

"கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தினதுக்குப் பெரிய உபகாரம்" என்றேன்.

"எந்தக் கறிவேப்பிலை? என்னட்டை ஒருத்தரும் திறப்புத் தரேல்லையே."

மேலே எங்கள் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் பெட்டிகளைப் படியிலேயே விட்டுவிட்டு ஏறினேன்.

வரவேற்பறையில் வதனி கோட்டும் சப்பாத்துமாக நின்றாள். யன்னலுக்குக் கீழே வெப்பமூட்டி பத்து நாளும் எரிந்திருக்கிறது. சாடி மண் பிளந்திருந்தது. இலைகள் முழுக்க நிலத்தில் சுருண்டு கிடந்தன, மரத்தில் ஈர்க்கு மட்டும் நின்றது. பச்சைக் கோப்பை வைத்த இடத்தில் வைத்தபடி காய்ந்து இருந்தது.

ஸ்ட்ரோம்மனில் அந்தப் பெண்ணுக்குச் சொன்னதும், வின்ஸ்டனுக்குச் சொன்னதும், ரயிலில் எனக்குச் சொன்னதும் வாய்க்கு வந்த சாட்டு இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் மனைவிக்கு விசர் இல்லை, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. மகனை எரித்த இடத்தில் அவளும் நின்றவள்தான். ஆனால் நாங்கள் இல்லாத வீட்டில், ஒருவரும் பார்க்காத நேரத்தில், அவன் தன் வேலையைச் செய்வான் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் வைத்திருந்திருக்கிறாள். அதற்கு இடம் விடத்தான் அவள் ஏழாயிரத்து நானூறு கிலோமீட்டர் போனாள். அது தெரியாமல் நான் விலையும் தூரமும் குறித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போயிருக்கிறேன்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "அவன் வீட்டிலை இல்லை."

"ஓம்" என்றேன். "இல்லை."

அவள் அழுதது அதற்குப் பிறகு. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அழுதாள். நான் பக்கத்தில் நிலத்தில், அந்த இலைகளுக்கு மேலேயே, உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி ஆனதும் எழும்பி, கோப்பையில் தண்ணீர் எடுத்துவந்து, என்னை வைத்துக்கொண்டே சாடியில் ஊற்றினாள். பிறகு ஹொல்ம்லியாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். தீவு எப்படி என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். "நல்ல இடம்தான் மச்சாள், பிறகு சொல்லுறன்" என்றாள். "பஞ்சாங்கத்தை ஒருக்கால் எடுங்கோ. அடுத்த வருசம் மயூவின்ர திவசம் எண்டைக்கு எண்டு பாத்துச் சொல்லுங்கோ."